திறக்காத கோட்டைக்கு நாலு டிரம்

குட்டியானை வண்டி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவற்றைப் பார்த்ததும் பி.டி. மாஸ்டர் ஸ்டீபன் வாயிலிருந்த விசில் தானாக நழுவி மார்பில் தொங்கியது.

நீல நிறத்தில், இடுப்பு உயரத்தில், நாலு பிளாஸ்டிக் பீப்பாய்கள்.

"இன்னா சார் அப்டி பாக்கறீங்க? நாலு டிரம் கேட்டீங்க. நாலும் வந்துச்சி பாருங்க" என்றபடி டிரைவர் பக்கத்திலிருந்து குதித்தார் அன்புசெல்வன். பெற்றோர் ஆசிரியர் கழகத் துணைத் தலைவர். சிப்காட் தொழிற்பேட்டையில் கம்பெனி கம்பெனியாகப் போய்க் காலி டிரம் எடுத்து விற்பவர்.

"நான் நாடகத்துக்குல்ல கேட்டேன்!"

"நாடகத்துக்குத்தான் சார். ஜனம் வரும், தண்ணி குடிக்கும். நல்லா கழுவிட்டேன், வாசனையே இல்ல. மோந்து பாருங்களேன்."

ஸ்டீபன் மோந்து பார்த்தார். அன்று முழுவதும் தும்மினார்.

கும்மிடிப்பூண்டியில் டிரம் என்றால் பீப்பாய்தான் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? அவர் வீட்டு மொட்டை மாடியிலேயே ஒன்று நிற்கிறது. ஆனால் கேட்கும்போது அவர் மனசு கோட்டைக்குள் இருந்தது.

கோட்டை என்றால் அவரே எழுதிய கோட்டை. விசில் ஊதவும் கோகோவுக்குக் கோடு போடவும்தான் லாயக்கு என்று ஸ்டாஃப் ரூமே முத்திரை குத்தி வைத்திருந்த மனிதர், ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் எழுதிவிட்டார். பெயர் 'திறக்காத கோட்டை'. கடைசிக் காட்சியில் எதிரிப் படை கதவை இடிக்கும். உள்ளே ராணி அசைந்து கொடுக்க மாட்டாள். எழுதும்போதே ஸ்டீபனுக்குக் கண் கலங்கிவிட்டது. இது மேடையேறாவிட்டால் இனி ஜென்மத்துக்கும் பேனாவைத் தொடப் போவதில்லை என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். அந்த அம்மா சந்தோஷமாகத் தலையாட்டியது வேறு அவரை உறுத்திக்கொண்டிருந்தது.

குறுக்கே நின்றவர் ஹெச்.எம். ரங்கநாதன். போன வருஷம் பென் டிரைவ் மக்கர் பண்ணி, ராஜா உயிரை விடும் இடத்தில் பிரியாணிக் கடை விளம்பரம் பாடிவிட்டது. அந்தச் சூடு அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"லைவ் மியூசிக் இருந்தா நாடகம், ஸ்டீபன். இல்லேன்னா அந்த நேரத்துக்கு யோகா போட்டுடலாம். அதுக்குச் சத்தமே வேண்டாம். அதுவும் உங்க டிபார்ட்மென்ட்தானே?"

பள்ளிக்கூடத்துக்கென்று இருந்த ஒரே பேண்டு மேளத்தின் தோலை எலி தின்று ஏப்பம் விட்டிருந்தது. அதனால்தான் அன்புசெல்வனிடம் போனார்.

"அன்புசெல்வன், இந்தப் பீப்பாய் இல்ல, எனக்கு வேண்டியது அடிக்கிற டிரம். புரியுதா? அடிக்கணும்!"

"இதுக்கா இவ்ளோ டென்சன்? அடிக்கறதுக்கு ஆளு கீறான் சார். நாளைக்கே அனுப்பறேன்."

மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள். ஸ்டீபன் நிம்மதியாக ஏழாம் வகுப்பைக் கபடி விடப் போனார். திரும்பி வந்து பார்த்தால் நாலு டிரம்மும் பச்சைப் பசேலென்று வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. வந்தவர்கள் பெயிண்டர்கள்.

"யோவ், யாருய்யா பெயிண்ட் அடிக்கச் சொன்னது?" என்று போனில் அலறினார்.

"நீங்கதான சார் அடிக்கணும் அடிக்கணும்னு கத்தினீங்க? பச்சை புடிக்கலன்னா சொல்லுங்க, செவப்பு கீது."

"சத்தம் வரணும்யா! டும் டும்னு சத்தம்! போர் நடக்கற மாதிரி!"

"அட, அத மொதல்லயே சொல்றதுக்கின்னா? இதுக்குப் போயி பேஜாரு பண்ணிக்கினு!"

சாயங்காலமே நாலு இரும்பு டிரம்கள் வந்து இறங்கின. பத்தாம் வகுப்பு பென்னியும் அவன் கூட்டாளிகளும் கட்டையை எடுத்து ஓங்கி அடித்தார்கள். சத்தம் வந்தது. வந்த சத்தத்தில் மாடி வகுப்பில் கணக்குப் பரீட்சை நடத்திக்கொண்டிருந்த ஹேமாம்புஜம் டீச்சர் நாற்காலியோடு அரை அடி நகர்ந்தார். நேராக ஹெச்.எம். அறைக்குப் போனார்.

ஹெச்.எம். மைதானத்துக்கே வந்துவிட்டார். "ஸ்டீபன்! விழா வரைக்கும் இன்னொரு தடவை இந்தச் சத்தம் என் காதுல விழுந்தது, யோகாதான்!"

டிரம்கள் மேடைக்குப் பின்னாலிருக்கும் ஸ்டோர் ரூமுக்குள் போயின. ஸ்டீபன் புதிதாக ஒரு அமுக்குப் பூட்டு வாங்கி மாட்டினார். பையன்கள் தொடையில் தட்டித் தட்டியே பழகினார்கள். பென்னியின் அம்மா, பையன் தொடை ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது, எந்த வாத்தியார் அடித்தது என்று சண்டைக்கு வந்து போனார்.

விழா நாளும் வந்தது. காலையிலேயே ஸ்டீபன் ஸ்டோர் ரூமைத் திறந்து வைத்துவிட்டு, பொன்னேரியில் இருக்கும் வீட்டுக்குப் போய்க் குளித்து, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மைதானம் நிறைய ஜனம். சிறப்பு விருந்தினர் ஒரு இரும்புக் கம்பெனி மேனேஜர். நாடகம் தொடங்குகிற பரபரப்பில் ஸ்டீபன் குறுக்கும் நெடுக்கும் ஓடினார். ஓடுகிற வழியில் பார்த்தால் ஸ்டோர் ரூம் கதவு வெறுமனே சாத்திக் கிடக்கிறது, பூட்டு கொண்டியில் தொங்குகிறது.

"ஒருத்தனுக்காவது பொறுப்பு இருக்கா?" என்று சொல்லிப் பூட்டை அமுக்கிவிட்டு ஓடினார்.

நாடகம் நன்றாகவே போயிற்று. ராணி வேஷம் போட்ட சோனியா வசனத்தில் வெளுத்து வாங்கினாள். கடைசிக் காட்சிக்குச் சற்று முன்னால்தான் பென்னி ஓடி வந்தான்.

"சார், டிரம் எடுக்க முடியல. ரூமு பூட்டிக்கீது. சாவி குடுங்க."

ஸ்டீபன் கோட்டுப் பையைத் துழாவினார். பேண்ட் பையைத் துழாவினார். சாவி காலையில் போட்டிருந்த சட்டையில் இருந்தது. சட்டை பொன்னேரியில் வாளித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது.

மேடையில் சோனியா கையை உயர்த்தினாள். "யார் வந்து தட்டினாலும் சரி, கதவைத் திறக்காதே!"

இங்கேதான் படை இடிக்க வேண்டும். ஒரு சத்தமும் இல்லை. கூட்டம் காத்திருந்தது. ஸ்டீபனுக்கு அழுகையே வந்துவிட்டது. எத்தனை ஆசையாக எழுதினார்! கண்ணை இறுக மூடிக்கொண்டு, யோகாவில் எந்த ஆசனத்திலிருந்து ஆரம்பிப்பது என்று யோசிக்கத் தொடங்கினார்.

டம்!

மேடைக்குப் பின்னாலிருந்துதான். டம், டம், டமார்! கூடவே ஏதோ ஒரு உறுமல். முன்வரிசைப் பிள்ளைகள் அம்மா மடியில் ஏறிக்கொண்டன.

"திறக்காதே!" என்றாள் ராணி.

இடி இரண்டு மடங்கானது. திரைச்சீலை ஆடியது. ராணி 'திறக்காதே' என்று சொல்லச் சொல்ல, வெளியே படைக்குக் கோபம் தலைக்கேறுவது அப்படியே காதில் விழுந்தது. பென்னி எப்படியோ உள்ளே புகுந்துவிட்டான், கெட்டிக்காரப் பயல் என்று ஸ்டீபன் பூரித்துப் போனார். திரை விழுந்த பிறகும் அடி நிற்கவில்லை. கைதட்டல் அதற்கு மேலே கேட்டது.

மேனேஜர் மேடையேறி மைக்கைப் பிடித்தார். "நான் இரும்புத் தகடு அடிக்கற பிரஸ் ஷாப் சத்தத்துலயே காலத்தைக் கழிச்சவன். இவ்வளவு ஆவேசமான அடியை எங்கயும் கேட்டதில்ல. அடிச்சது யாரு? அந்தக் கலைஞனுக்கு என் கையால பொன்னாடை போர்த்தணும். ஹெச்.எம். எங்க? அவரையும் கூப்பிடுங்க."

"சாப்பாடு பந்தியைப் பாக்கப் போயிருப்பாரு சார்" என்றார் மோனிகா டீச்சர்.

ஸ்டீபன் பெருமை பொங்க மேடைக்கு வந்து, "பென்னி! வாடா ராஜா!" என்று கூப்பிட்டார்.

பென்னி கூட்டத்துக்கு நடுவிலிருந்து எழுந்தான். கையில் பாதி தின்ற சமோசா.

"சார், நாங்க அப்பவே இங்க வந்து உக்காந்துட்டோமே."

அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்து ஆயா பூவம்மாள் கையில் சுத்தியலோடு மூச்சிரைக்க மேடையேறி, மேனேஜர் கையிலிருந்த பொன்னாடையைப் பிடித்து இழுத்தாள்.

"இத மொதல்ல குடு சாரு, பூட்ட ஒடச்சிட்டேன், அடிச்சி அடிச்சி இடுப்புல துணி நிக்காம உள்ள நிக்கிறாரு, வேட்டி மாத்தப் போன நம்ம ஹெச்.எம்.மு!"