நிலையான முகவரி இல்லாத சோஃபி

லீவர்கேம் ஊரில் நாலு வருஷப் போர் விட்டுவைத்தது இரண்டே: மாதாகோவிலின் வாசற்படி, கமீலின் பந்தயப் புறா சோஃபி.

ஊரைத் திரும்பக் கட்டச் செங்கல் வருவதற்கு முன்னால் படிவம் வந்தது. கமீலுக்கு வீட்டைப் பற்றிக் கவலையில்லை. அரசாங்கம் கொடுத்த மரக்கொட்டகையில் மனைவி ரோமானியோடு அவர் காலம் தள்ளிவிடுவார். சோஃபியால் முடியாது. பந்தயப் புறா மனிதரைத் தேடி வராது, கூட்டைத் தேடித்தான் வரும். கூடு இருந்த பரண் இப்போது வெறும் ஆகாயம். தினமும் மாலையில் அந்த இடத்தை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, உட்கார இடமில்லாமல் எங்கோ போய்விடும். ஒருநாள் வராமலே போய்விடுமோ என்று அவருக்குப் பயம்.

படிவத்தில் 'வீட்டில் வசித்தோர்' என்று ஒரு கட்டம். அந்த ஊரில் புறா வளர்ப்பவன் எவனும் அங்கே பெண்டாட்டி பெயரோடு நிறுத்த மாட்டான். கமீல் பதின்மூன்று பெயர் எழுதினார். அல்ஃபோன்ஸ், ஒக்தாஃப், நெல்லி என்று பத்துப் பேருக்கு நேரே 'காணவில்லை'. சோஃபிக்கு நேரே 'வந்து போகிறாள், தங்குவதில்லை'.

அதிகாரி வான் ஹோரெபேக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பதினோரு பிள்ளைங்களா!"

"ஐயா, அதெல்லாம் புறாங்க."

"இது மனுஷங்க படிவம். இதுல புறா வராது."

"அப்ப அடிச்சிடுங்க."

"அடித்தல் திருத்தல் இருந்தா படிவம் செல்லாது. செல்லலேன்னா உங்களுக்கு வீடே கிடையாது. எப்படி வசதி?"

கமீல் படிவத்தை அப்படியே நீட்டினார். 'நிலையான முகவரி இல்லாதவர் காணாமற்போனவரே' என்ற விதிப்படி சோஃபியும் காணாமற்போனாள்.

வீடு எழும்பியது. பிரஸ்ஸல்ஸ் நிபுணர்களுக்கு அந்த வருஷம் பழம்பாணியில் மோகம். அந்த ஊர் ஒருநாளும் கண்டிராத பழமையெல்லாம் புத்தம்புதிதாக வந்து இறங்கியது. எல்லா வீட்டு நெற்றியிலும் படிப்படியான முகப்பு. கமீல் வீட்டில் பதினோரு கட்டில் அதிகப்படி. பரணில் அழகான ஜன்னல், உள்ளே செங்கல் வைத்து அடைத்தது.

"திறக்காதா ஐயா?"

"அது பார்க்கிறதுக்கு."

"ராத்திரிக்கு ஒரு கட்டில்ல படுத்துக்கோங்க," என்றாள் ரோமானி. "உங்க மகாராணிக்கு மட்டும் இடமில்லை."

காணாமற்போனோர் பட்டியல் வேறொரு மேசைக்குப் போய், அங்கிருந்து கல்தச்சனிடம் போய், போர் நினைவுத்தூணில் ஏறியது. கமீலின் பதினொன்றுக்கும் குடும்பப் பெயர் எழுதாததால் கல்லிலும் வெறும் 'அல்ஃபோன்ஸ்', வெறும் 'சோஃபி'. திறப்பு விழாவில், பெயருக்கு ஒரு பக்கமாகத் துக்கப் புத்தகம் வைத்திருந்தார்கள். இறந்தவர் யாரென்று தெரியவில்லை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? நூற்றிருபது பேர், சோஃபியைச் சின்ன வயதிலிருந்தே தெரியும் என்று கையெழுத்துப் போட்டார்கள்.

"தங்கமான பொண்ணு," என்று கசாப்புக்கடை எமெரன்ஸ் மூக்கைச் சிந்தினாள். "எப்பவும் எங்க முற்றத்துலதான் இருக்கும்." அது உண்மைதான். அவள் காயப்போட்ட துணியெல்லாம் அதற்குச் சாட்சி.

தூணின் உச்சியில் மணி தொங்கவிட ஒரு பொந்து. மணிக்கு இன்னும் அனுமதி வரவில்லை. ஊர்த்தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சோஃபி நாலு சுற்றுச் சுற்றி, நேரே அதற்குள் போய் உட்கார்ந்தாள். ஆறு வருஷத்தில் முதல்முறையாகக் கூடு என்று ஒன்றில் உட்கார்ந்தாள். கமீலுக்குக் கண் நிறைந்தது.

"யாரோட புறா அது? தூணை அசிங்கம் பண்ணுது," என்றார் அதிகாரி. "விரட்டிட்டு, பொந்தை அடைங்க."

இரண்டு பேர் ஏணியோடு வந்தார்கள். கமீல் ஏணிக்குக் குறுக்கே நின்றார்.

"ஐயா, கல்லைப் படிங்க. அவதான் சோஃபி. காணாமப் போனவ திரும்பி வந்துட்டா."

"அப்படி வந்தா, அவளைத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் சாட்சி சொல்லணும்."

"புத்தகத்துல நூத்திருபது பேர் இருக்காங்களே."

எமெரன்ஸ் தன் பூட்சைப் பார்த்தாள். தெரியாது என்றால் அரசாங்கப் புத்தகத்தில் பொய். தெரியும் என்றால் அரசாங்கக் கல்லில் புறா. அதிகாரி கல்லைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், புத்தகத்தை மெதுவாக மூடினார்.

"மேற்படி பொந்து," என்றார், "அடைக்கப்பட வேண்டியதில்லை."

மறு வருஷம் மாலை வைக்கும் வரிசையில் எமெரன்ஸ்தான் முதல் ஆள். அவள் வைத்த மாலைக்கு அடியில் ஒரு கைப்பிடி சோளம் இருந்தது. பின்னால் நின்ற அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு, சோளத்தை மிதிக்காமல் ஒதுங்கிப் போனார்.