பொருத்தம் அத்தை கம்ப்யூட்டர் பார்த்த படலம்

கொங்கு நாட்டில் இன்று நடமாடுகிறவர்களில் பாதிப் பேர் பிறந்ததற்குக் காரணம் எங்கள் பொருத்தம் அத்தைதான். மிச்சப் பாதி, அத்தை வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் கட்டிக்கொண்டவர்களுக்குப் பிறந்தவர்கள். யார் எந்தப் பாதி என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே சொல்லிவிடுவார். சத்தமாகச் சொல்வார் என்பதுதான் சிக்கல்.

சூலூரில் வரன் பார்த்துச் சொல்வது அத்தையின் தொழில். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது ரேசன் கார்டுக்கு மட்டும் தெரியும். ஜாதகத்தை அவர் அவ்வளவாக மதிப்பதில்லை. "சாதகம் சோசியன் எழுதுனது, மூஞ்சி சாமி எழுதுனது" என்பார். முகத்தைப் பார்த்தே கோபக்காரன், கஞ்சன், அம்மா முந்தானையை விடாதவன், இம்மூன்றும் சேர்ந்தவன் என்று பிரித்து வைத்துவிடுவார். என்னைப் பற்றி என் மாமனார் வீட்டில் அவர் சொன்னது இதுதான்: "பையனுக்கு வாய் ஓயாதுங்க. ஆனா வாய் ஓயாதவன் கை ஓங்க மாட்டான்." இந்த ஒற்றை வாக்கியத்தின் மேல்தான் என் குடும்பம் நின்றுகொண்டிருக்கிறது.

இப்பேர்ப்பட்டவரைக் கவிழ்த்தது செல்போன். முன்பெல்லாம் நேரில் போய்ப் பார்ப்பார். இப்போது எல்லா மாப்பிள்ளைகளும் நகக்கண் அளவில் போனில் வருகிறார்கள். அத்தைக்கோ கண்ணில் புரை எடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தாராபுரத்திலிருந்து ஒரு பையன் குடும்பத்தோடு நின்று எடுத்த போட்டோ வந்தது. அத்தை போனை எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நெத்தியப் பாருங்க, கோயல் வாசலாட்ட! இந்தப் பையன் உங்க பொண்ணக் கண்கலங்க உடமாட்டான்" என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார். பெண் பார்க்க வந்த அன்றுதான் தெரிந்தது, அந்த நெற்றி மாப்பிள்ளையுடையதல்ல, பக்கத்தில் நின்ற அவன் அக்கா புருசனுடையது என்று. அவரும் கூடவே வந்திருந்தார். பெண் பஜ்ஜித் தட்டை நேராகக் கொண்டுபோய் அவரிடம் நீட்டிவிட்டது. அக்காக்காரி அத்தையைப் பார்த்த பார்வையில் பஜ்ஜியே இன்னொரு தடவை வெந்திருக்கும்.

செய்தி பெங்களூருக்குப் போயிற்று. அங்கேதான் அத்தையின் ஒரே மகன் செந்தில் பெண்டாட்டியோடு இருந்துகொண்டு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தான். "போதுமுங்ம்மா, பேரு கெடறதுக்குள்ள நிறுத்திக்குங்க. ஊட்டப் பூட்டிட்டு இங்க வந்துருங்க" என்றான்.

"அங்க வந்து என்ன பண்றது? லிப்ட்டுல ஏறுனா ஒவ்வொருத்தனும் நம்பரப் பாக்கறான். ஒருத்தனும் ஒருத்தன் மூஞ்சியப் பாக்கறதில்ல" என்றார் அத்தை. "பெரிய கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கிக்கறேன் சாமி. மூஞ்சி பெருசாத் தெரிஞ்சா எனக்கு ஏன் தப்புது?"

செந்தில் ஒரு கெடு வைத்தான். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் அத்தை தானே கம்ப்யூட்டரைப் போட்டு, தானே அவனை வீடியோவில் கூப்பிட்டு, ஒரு வரனின் போட்டோவைத் திறந்து காட்ட வேண்டும். வேறு யாரும் கை வைக்கக் கூடாது. முடியாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டும். அத்தை உடனே ஒப்புக்கொண்டார். அதாவது நான் மாட்டிக்கொண்டேன். தறி சாமான் விற்கிற என் கடையில் பில் போட ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதனால் சொந்தபந்தத்தில் நான்தான் இன்ஜினியர்.

ஆடித் தள்ளுபடியில் காந்திபுரத்துக் கடை ஒன்றுக்குப் போனோம். டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் வந்தார். பார்த்த மாத்திரத்தில் அத்தை கேட்டார்: "ஏனுங் கண்ணு, கலியாணம் ஆயிருச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"ஆகட்டும், அப்பறம் பேசலாம். மொதல்ல இவங்களக் காட்டுங்க."

அவர் முதலில் காட்டிய கம்ப்யூட்டர் சிவப்பும் நீலமுமாக மின்னியது. "இதென்னங்க, தேர்த் திருவிழாக் கடையாட்ட?" என்றார் அத்தை. கேம் விளையாடுவதற்கான மாடல் என்றார் விற்பனையாளர். "வெளையாட்டுப் பையன் வேண்டாமுங்க."

அடுத்ததை, "இது நெம்ப வேகமுங்கம்மா" என்று காட்டினார். "வேகக்காரன் எதுக்கு? நான் சொல்லி முடிக்கற வரைக்கும் பொறுமையா இருக்கோணும்." இப்படிப் பார்த்துக்கொண்டே போனதில் மூலையில் ஒரு சிபியு கண்ணில் பட்டது. ஏதோ ஆபீசில் ஓடி, சுத்தம் செய்து விற்பனைக்கு வந்தது.

"ரெண்டாந்தாரமுங்களா?"

"அப்படி... சொல்லலாமுங்க."

"மொத ஊட்ல ஏன் உட்டாங்க?"

"அவங்க எல்லாத்தையும் புதுசா மாத்திட்டாங்கம்மா. இதுமேல ஒரு குறையும் இல்லீங்க. ஒரு வருசம் வாரண்டி தாரோம். நீங்க போட்டோ பாக்க, வீடியோவுல பேச இது தாராளமாப் போதுமுங்க."

அத்தை அதன் தலையைத் தடவினார். "அடிபட்டது அடக்கமா இருக்கும். இவரே இருக்கட்டும்."

மானிட்டர் விசயத்தில் மட்டும் அத்தை சிக்கனம் பார்க்கவில்லை. "மூஞ்சிக்கு மோசம் பண்ணக்கூடாது" என்று இருப்பதிலேயே பெரிய புது மானிட்டரின் முன்னால் போய் நின்றார். விற்பனையாளர் மகிழ்ந்துபோய், "நல்ல செலக்சனுங்கம்மா. சிபியுவும் இதே கம்பெனிதான்" என்றார். வியாபாரம் அங்கேயே நின்றது.

"ஒரே கம்பெனியா?"

"ஆமாங்க. அப்பன் பேரு மாதிரி ரெண்டுலயும் ஒரே பேரு போட்டிருக்குது பாருங்க."

"அப்ப ரெண்டும் ஒரே கூட்டமல்லொ!" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். எங்கள் பக்கம் ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே குலத்துக்குள், பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அண்ணன் தங்கை முறையாகிவிடும்.

"ஒரே கம்பெனின்னா நல்லா ஒத்துப்போகுமுங்கம்மா" என்று விற்பனையாளர் கெஞ்சினார்.

"ஒத்துப்போறது யாரு வேணும்னாலும் ஒத்துப்போவாங்க கண்ணு. மொறைன்னு ஒண்ணு இருக்குதல்லொ!"

கடைசியில் மானிட்டர் ஒரு கம்பெனி, சிபியு ஒரு கம்பெனி, கீபோர்டு ஒரு கம்பெனி என்று முறைப்படி சம்பந்தம் முடிந்தது. மவுஸ் மட்டும் சிபியுவின் கம்பெனியாகவே அமைந்துவிட்டது. "அது தம்பி. கூடத்தான் வரும்" என்று விட்டுவிட்டார்.

மானிட்டருக்கு மேலே மாட்டும் கேமராவை விற்பனையாளர் தன் முகத்தை வைத்தே சோதித்துக் காட்டினார். அவர் முகம் திரையில் முறம்போல் வந்து நின்றது. அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "கண்ணு, எடது பக்கம் கடவாப்பல்லு வலிக்குதா?"

அவர் கை தானாகத் தாடைக்குப் போயிற்று. "எப்படிங்கம்மா?"

"ஒரு பக்கமாச் சிரிக்கற. பல்லப் பாரு மொதல்ல. வரன் நான் பாக்கறேன்."

எல்லாம் முடிந்து வண்டியில் ஏற்றலாம் என்றால் அத்தை தடுத்துவிட்டார். "கட்டிக் குடுத்த புள்ளையவே ஆடியில ஆத்தா ஊட்டுக்குக் கூட்டிட்டு வந்தர்றோம். ஆடியில போயி இவரப் புதுசா ஊட்டுக்குக் கூட்டிட்டு வாரதா?" தள்ளுபடி விலைக்கு வாங்கிய கம்ப்யூட்டர் ஆவணி பிறக்கும்வரை கடையிலேயே ஆத்தா வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. செந்தில் வைத்த கெடுவோ நெருங்கிக்கொண்டே வந்தது.

ஆவணி முதல் தேதி ஆலாத்தி சுற்றி உள்ளே அழைத்தோம். வலது காலை முதலில் எடுத்து வைக்க வேண்டுமாம். சிபியுவுக்கு அடியில் நான்கு ரப்பர் கால்கள் இருப்பது எனக்கே அன்றுதான் தெரியும்.

பாடம் தொடங்கியது. இரண்டு முறை அழுத்தினால்தான் திறக்கும் என்றேன். "ஒருக்காக் கூப்புட்டா வரோணும். ரெண்டாந்தரம் கூப்புடறது அவங்களுக்கும் மரியாதை இல்ல, நமக்கும் மரியாதை இல்ல" என்றார். ஒரு அழுத்தில் திறக்கிற மாதிரி நான் மாற்றிக் கொடுத்தேன். அதற்கும் ஒவ்வொரு தடவையும், "சித்த தெறங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அழுத்துவார். தாமதமானால், "பொறுமையா வாங்க, அவசரமில்லீங்க." அணைக்கும்போது, "போயிட்டு வாங்க." இவ்வளவு மரியாதையை அந்த இயந்திரம் பழைய ஆபீசில் பார்த்திருக்காது. ஒரு நாள்கூட அது மக்கர் செய்யவில்லை.

பரீட்சை நாள் வந்தது. நான் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அத்தை கும்பிட்டு, போட்டு, திறந்து, கூப்பிட்டார். மணி அடித்தது. செந்திலின் முகம் திரை முழுக்க வந்தது.

"பரவால்லீங்ம்மா! செரி, வரன் போட்டோ ஒண்ணு தெறங்க பாக்கலாம்" என்றான்.

அத்தை திறக்கவில்லை. திரைக்கு அருகே போனார். இன்னும் அருகே போனார். போச்சு, மறந்துவிட்டார் என்று எனக்கு வேர்த்துவிட்டது.

"மூஞ்சிய வெளிச்சத்துக்குக் காட்டு சாமி" என்றார் அத்தை.

"அம்மா, போட்டோவுங்ம்மா..."

"கண்ணுக்குக் கீழ குழி உழுந்து கெடக்குது. சிரிக்கற, கன்னம் ஏற மாட்டீங்குது. வேலை போயிருச்சா?"

செந்திலின் சிரிப்பு திரையில் அப்படியே நின்றுவிட்டது. நெட்டு போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன். நெட்டு நன்றாகத்தான் இருந்தது. செந்திலின் உதடுதான் நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு மாசமாச்சுங்ம்மா. அவகிட்டக்கூடச் சொல்லல. தெனமும் பைய எடுத்துட்டுப் போயி பார்க்குல உக்காந்துட்டு வாரேன்."

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "ஏன்டா, அப்ப என்னையக் கூட்டிட்டுப் போயி எங்க உக்கார வெக்கறதா இருந்தே? அந்தப் பார்க்குலயா?" என்றார்.

அவன் சிரித்தான். இந்தத் தடவை கன்னம் ஏறியது, கண்ணீரும் சேர்ந்து வந்தது. பரீட்சை அத்தோடு முடிந்தது. மார்க் போட வேண்டிய வாத்தியார் அழுதுகொண்டிருந்தார்.

"மொதல்ல எம்மருமககிட்டச் சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார் அத்தை. மறுநாள் முதல் அந்த ரெண்டாந்தாரத்துக் கம்ப்யூட்டருக்கு ஓய்வே இல்லை. தான் கட்டி வைத்த ஜோடிகளில் யார் யார் கம்பெனி நடத்துகிறார்கள் என்று தேடித் தேடி வீடியோவில் பிடித்தார். "பையன் தங்கமுங்க, கெட்ட பழக்கம் கெடையாது, எடுத்த வேலைய முடிக்காம உடமாட்டான்" என்று மகனை வரனாகவே பேசினார். தைக்குள் செந்தில் கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டான். பெட்டி கட்டியது அவன்தான். டை கட்டிய விற்பனையாளருக்கும் பல் சரியாகி, சென்னிமலைப் பக்கம் பெண் அமைந்துவிட்டது. வேறு வேறு கூட்டம்தான், விசாரித்தாயிற்று.

எனக்குத்தான் புதுத் தொந்தரவு. தினமும் காலையில் நான் கடையைத் திறந்ததும் அத்தை வீடியோவில் கூப்பிட்டு என் மூஞ்சியைப் பார்க்கிறார். நானும் முகம் கழுவி, தலை சீவி, கன்னம் ஏறச் சிரித்துத்தான் உட்காருகிறேன். மனசு சரியில்லாத நாட்களில் மட்டும் வேண்டுமென்றே கழுவுவதில்லை.