பச்சைப் புடவைக்கு அடித்த மணி

கண்ணுக்குத் தெரியாத எதையும் நம்பமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கொஞ்சம் நம்பியிருந்தால் மானம் தப்பியிருக்கும்.

இன்ஜினியரிங் முடித்த கையோடு, பெரிய காஞ்சிபுரத்தில் சித்தப்பா நடத்தும் பட்டுக் கடைக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். புடவைச் சீட்டை ஸ்கேன் செய்தால் டெர்மினல் என்கிற கறுப்புத் திரையில் விவரம் வரும். வேறு யாராவது சொல்லிவைத்த புடவை என்றால், கூடவே கம்ப்யூட்டரின் எழுத்து வரிசையில் ஏழாம் எண் எழுத்தும் போகும். அது திரையில் தெரியாது. மணி அடிக்கச் சொல்லி டெர்மினலுக்குப் போகும் கட்டளை. என் லேப்டாப்பின் டெர்மினல் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டதால், நானும் மறந்துபோனேன். (கடைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கவில்லையா என்று நீங்கள் கேட்க வேண்டாம். சித்தப்பா கேட்டுவிட்டார்.)

முதல் நாளே முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு கூட்டம். எடுத்துக் கொடுப்பது மாப்பிள்ளை வீடு. பெண்ணுக்குப் பிடித்தது மாம்பழ மஞ்சள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கிளிப்பச்சை. மஞ்சளை ஸ்கேன் செய்தேன், அமைதி. பச்சையை ஸ்கேன் செய்தேன். கடையின் பழைய கம்ப்யூட்டர் கணீரென்று மணி அடித்தது.

மாப்பிள்ளையின் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மனே உத்தரவு குடுத்துட்டாப்பா. பச்சையே இருக்கட்டும்."

அது இன்னொருவர் சொல்லிவைத்த புடவை, மணி அதற்குத்தான் என்று விளக்கப் போனேன். ஏழாம் எண்ணின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்ததுதான் தப்பு. ஒருவரும் காது கொடுக்கவில்லை. பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. மேஜைப் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னாள்:

"என் மஞ்சளுக்கும் ஒரு வாட்டி அடிக்க வைங்கண்ணா."

பாவமாக இருந்தது. அவசரமாக ஒரு வரி எழுதி, மஞ்சளை ஸ்கேன் செய்தேன். எத்தனை தடவை என்று எழுத மறந்துவிட்டேன். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. எதிர்க் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சித்தப்பா வந்து ஒயரைப் பிடுங்கினார்.

மாப்பிள்ளையின் அம்மா பச்சையை என் பக்கம் தள்ளினார்.

"சாமி ஒரு வாட்டிதாம்பா சொல்லும். இத்தினி வாட்டி சொல்றது மிஷினுதான். மொதல்ல சொன்னதும் அதான்." பெண்ணிடம் திரும்பினார். "உனக்குப் புடிச்சதையே எடுத்துக்கமா."

மஞ்சள் அவளோடு போனது. அந்த வாக்கியம் என்னோடு வந்துவிட்டது. இன்றைக்கும் வீட்டில் நான் எதையாவது இரண்டாவது தடவை சொன்னால், என் மனைவி தலை நிமிராமல் "சாமி ஒரு வாட்டிதான் சொல்லும்" என்கிறாள். மூன்றாவது தடவை சொன்னால், மகள் எழுந்து போய் ஒயரைத் தேடுகிறாள்.