பேயின் இடது கால் ஷூ

ஒரு பயந்தாங்கொள்ளிக்கு நேரக்கூடிய பெரிய அவமானம், அவன் பயப்படுவதை நாலு பேர் பார்த்துவிடுவது என்றுதான் இருபத்தாறு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லவே இல்லை. பயந்தே தீர வேண்டிய இடத்தில் பயம் வராமல் போகிறது பாருங்கள், அதுதான் பெரியது. எனக்கு அது ஆம்பூரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோவில், நான் கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணுக்குப் பக்கத்து சீட்டில் நடந்தது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். லிஃப்டில் ஏற மாட்டேன். பஸ் டிரைவர் கொட்டாவி விட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன். (ஒருமுறை பள்ளிகொண்டாவில் இறங்கி வேறு பஸ் ஏறினேன். அந்த டிரைவர் கொட்டாவி விடவில்லை. ஆனால் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். மறுபடியும் இறங்கினேன்.) எட்டாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்தியதற்கு வீட்டில் என்னென்னவோ காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம், ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த வாத்தியாரின் மீசை.

வேலை ஷூ கம்பெனியில், செக்கிங் டேபிளில். தைத்து வருகிற ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் விட்டிருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, ரிவொர்க்குக்கு, அதாவது சரிசெய்யத் திருப்பி அனுப்ப வேண்டும். எங்கே தப்பு இருக்குமோ என்று நாள் முழுக்கக் கவலைப்பட ஒருவனுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால், அந்த வேலைக்கென்றே பிறந்தவன் நான். எட்டு வருஷம் மெஷின் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்திப் பேசியதில் என் தொண்டை வேறு ஒலிபெருக்கி ஆகியிருந்தது.

அப்போதுதான் தேன்மொழியோடு எனக்கு நிச்சயம் ஆனது. குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பம், வீட்டிலேயே நாலு பவர்லூம். பி.காம் படித்தவள். பி.காம் படித்த பெண் என்னை எதற்கு ஒத்துக்கொண்டாள் என்று நான் யோசிக்காத நாள் கிடையாது. அவளும் ஒருநாள் யோசித்துவிடுவாளே என்பதுதான் கல்யாணத்துக்கு இருந்த மூன்று மாதமும் என் கவலை.

அவளுக்குப் பேய்ப் படம் என்றால் உயிர். அந்த வருஷம் ஒரு பேய்ப் படம் வந்து ஊரே அதைப் பற்றிப் பேசியது. இப்படி ஒரு படம் வந்ததே இல்லை என்றார்கள். பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் தூக்கம் இல்லை என்றார்கள். எங்கள் லைன் சூப்பர்வைசர், யாருக்கும் எதற்கும் அசராத மனுஷன், பாத்ரூமுக்குத் துணைக்கு ஆள் கூப்பிடுவதாகக் கேள்வி. தேன்மொழி அதை இரண்டு முறை பார்த்திருந்தாள். மூன்றாவது முறை என்னோடு பார்க்க வேண்டுமாம்.

"சும்மா கதவத் தொறந்து மூடற படம் இல்லைங்க அது. புரிஞ்சிக்கிறவங்களுக்குத்தான் அதுல பயம் வரும்" என்றாள் போனில்.

அந்த 'புரிஞ்சிக்கிறவங்க' என் நெஞ்சில் அம்பு ஸ்டிக்கர் மாதிரி ஒட்டிக்கொண்டது.

பக்கத்து டேபிள் இம்ரான் என் தோஸ்த். அவனிடம் யோசனை கேட்டேன். "ஸ்க்ரீனப் பாக்காதடா. எக்ஸிட் போர்டப் பாரு. பேஜார் ஆச்சின்னா இருமு" என்றான். அதோடு விடாமல் அவனுடைய அம்மாவிடம் சொல்லி தர்காவில் ஓதிய கறுப்புக் கயிறு வாங்கி வந்து கையில் கட்டினான். என் அம்மா எலுமிச்சம்பழமும் திருநீறும் தந்தாள். எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா ஜெபித்த எண்ணெய் ஒரு சின்ன பாட்டிலில் கொடுத்தார். சனிக்கிழமை போய் பிரஷர் பார்த்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று மதத்தின் பாதுகாப்போடும், நார்மல் பிரஷரோடும், சாகத் தயாராக தியேட்டருக்குப் போனேன்.

தேன்மொழி அவளுடைய அண்ணியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாள். தியேட்டர் நிரம்பி வழிந்தது. ஞாயிறு லீவு என்பதால் முக்கால்வாசி ஷூ கம்பெனி ஆட்கள். கட்டிங், தையல், ஃபினிஷிங் என்று ஒரு ஃபேக்டரியையே பெயர்த்துக் கொண்டுவந்து சீட்டில் உட்கார வைத்த மாதிரி இருந்தது. ஓரத்தில் அண்ணி, அடுத்து தேன்மொழி, அடுத்து நான். விளக்கு அணைந்தது. என் இதயம் அடித்த அடியில் முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். (நான் அவர் சீட்டை உதைத்துக்கொண்டிருந்ததும் காரணமாக இருக்கலாம்.)

படம் ஆரம்பித்தது. மலைமேல் ஒரு பழைய பங்களா. நூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே செத்துப்போன துரை மகளின் ஆவி. கதவு கிறீச்சென்றது. வந்துவிட்டது, வந்துவிட்டது என்று மூச்சைப் பிடித்தேன். ஒன்றும் வரவில்லை. ஜன்னல் ஆடியது. பிடித்தேன். வரவில்லை. ஒரு பொம்மை கண்ணைத் திறந்தது. எனக்கு அது பாவமாகத்தான் இருந்தது. அரை மணி நேரத்தில் என் படபடப்பு அடங்கிவிட்டது. தியேட்டரே நடுங்குகிறது, தேன்மொழி சீட்டின் கையைப் பிறாண்டுகிறாள், நானோ வாழ்க்கையில் அதுவரை அனுபவிக்காத ஒரு நிம்மதியில் உட்கார்ந்திருக்கிறேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கொட்டாவி வந்தது. நான் விட்ட கொட்டாவியைப் பார்த்துத்தான் அன்றைக்கு எனக்கு முதல் பயமே வந்தது.

பல்லி விழுந்தால் ஊரைக் கூட்டுகிறவனுக்கு, ஊரே நடுங்குகிற பேயைப் பார்த்துக் கொட்டாவி வருகிறது என்றால் என்ன அர்த்தம்? படம் புரியவில்லை என்று அர்த்தம். எட்டாம் வகுப்புக்கு எட்டாத பேய் அது. பி.காமுக்கு வருகிற பேய்.

இடைவேளையில் தேன்மொழி கண்கள் பளபளக்க, "எப்டி இருக்கு?" என்றாள்.

"பயங்கரம்" என்றேன்.

அண்ணி என் நெற்றியைப் பார்த்தார். "தம்பிக்கு ஒரு பொட்டு வேர்வ இல்லையே" என்றார்.

இரண்டாம் பாதியில் எப்படியாவது பயந்துவிடுவது என்று முடிவு செய்தேன். சரியான இடமாகப் பார்த்து ஒரு அலறல் போட்டால் போதும். ஆனால் எது சரியான இடம் என்று புரிந்தால்தானே! கதாநாயகியின் அம்மா மெதுவாக ஃப்ரிட்ஜைத் திறந்தாள். இதுதான் என்று தோன்றியது. அலறினேன். அவள் தயிரை எடுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜை மூடிவிட்டாள். பின்வரிசையில் ஒருவர், "தயிரு புளிச்சிருக்கும்போல" என்றார். தேன்மொழி மெல்ல என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தாள். எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டேன்.

கடைசிக் கட்டம் வந்தது. இசை நின்றது. தியேட்டரில் ஒரு இருமல் இல்லை. துரை மகள் மாடிப்படியில் இறங்கி வருகிறாள், முகம் தெரியவில்லை, கால் மட்டும். ஒவ்வொரு படியாக. கேமரா அந்தக் காலுக்குக் கிட்டே, இன்னும் கிட்டே போகிறது. இடது கால் ஷூ திரை முழுக்க நிற்கிறது, ஒரு லாரி அளவுக்கு.

அந்த நொடியில் நான் தியேட்டரில் இல்லை. டேபிளில் இருந்தேன்.

"தையல் விட்டிருக்கு. ரிவொர்க்குக்கு அனுப்பு" என்றேன்.

மனதுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன். எட்டு வருஷத் தொண்டை அதை பால்கனி வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. முந்நூறு ஷூக்காரர்களும் பேயை விட்டுவிட்டு ஷூவைப் பார்த்தார்கள். வலதுபக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், "ஆமா, ரெண்டு எடத்துல விட்டிருக்கு" என்றது. "ஹீலும் சாஞ்சிருக்கு பாரு" என்றார் ஒருவர். எங்கோ பின்னாலிருந்து, "இது போன வருசம் நம்ம லைன்ல ஓடுன மாடல்பா. நூறு வருசத்துக்கு முன்னாடி இவளுக்கு எவன் குடுத்தான்?" என்றார் இன்னொருவர்.

அவ்வளவுதான். சிரிப்பு பால்கனியில் ஆரம்பித்துத் திரை வரை போய் மோதித் திரும்பியது. பேய் வாயைப் பிளந்து கத்துகிறது, யாருக்கும் கேட்கவில்லை. அண்ணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். தேன்மொழி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரை எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள். குடியாத்தம் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் சொன்னாள்: "அந்த எடத்துல ரெண்டு தடவையும் அழுதேங்க. அவ செத்தப்புறமும் அம்மாவத் தேடி எறங்கி வர்றா. இன்னிக்கி உங்களோட உக்காந்து அழலாம்னு வந்தேன்."

அண்ணி நாகரிகமாக வெள்ளரிக்காய் வாங்கப் போய்விட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. உண்மையைக் கொட்டிவிட்டேன். "எனக்கு பயமே வர்லீங்க. அதச் சொன்னா, படிக்காதவன், புரியலன்னு நெனச்சிடுவீங்கன்னு பயந்துட்டேன். அந்த ஃப்ரிட்ஜுக்குக் கத்துனதுகூட பொய்."

"அது தெரியும்" என்றாள். பஸ் வந்தது. ஏறிவிட்டாள்.

நாலு நாள் போன் வரவில்லை. அந்த நாலு நாளில் கல்யாண மண்டபத்தின் வாசலில் வேறு மாப்பிள்ளையின் பெயரைப் பூவில் எழுதிப் பலமுறை மனதுக்குள் பார்த்துவிட்டேன். டேபிளில் நல்ல ஷூவுக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டினேன். இம்ரான் அதையெல்லாம் உரித்துக்கொண்டே இருந்தான்.

வியாழக்கிழமை சாயந்தரம் தேன்மொழி கூப்பிட்டாள். குடியாத்தத்திலேயே ஒரு தியேட்டரில், கூடப் படித்த தோழியோடு மறுபடியும் அந்தப் படத்துக்குப் போய்விட்டு வந்தாளாம்.

"அந்த எடம் வந்துது" என்றாள்.

"அழுதீங்களா?"

"எங்க அழறது? ஷூவத்தான் பாத்தேன்." அந்தப் பக்கம் தறிச் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "ரெண்டு எடம் இல்லைங்க. மூணு. உள்பக்கம் ஒண்ணு விட்டிருக்கு. எட்டு வருசமா இன்னா செக்கிங் பண்றீங்க நீங்க?"

தறியில் ஓடுகிற பாவில் ஒரு இழை அறுந்தால் தெருவில் நின்றே கண்டுபிடிக்கிற வீட்டுப் பெண். என்னைவிடக் கூர்மையான ஒரு கண் இனி என் வீட்டில் இருக்கப்போகிறது என்று புரிந்தபோது, நான் அழுதேன். அந்தப் படத்துக்காக எங்கள் பக்கத்தில் சிந்தப்பட்ட கடைசிக் கண்ணீர் அதுதான்.

கல்யாணம் ஆகி ஆறு வருஷமாகிறது. மாமனார் வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் சாப்பாட்டுக்கு முன்னால் இந்தக் கதைதான். அண்ணி என் குரலில் சொல்லிக் காட்டுவார். புதிதாக வருகிறவர்களிடம் என் மச்சான், "பேய ரிஜெக்ட் பண்ண மாப்ள இவருதான்" என்று அறிமுகம் செய்வார். "அதுல ஒண்ண கோட்ட வுட்டவரு" என்று தேன்மொழி உள்ளேயிருந்து சேர்த்துக்கொள்வாள்.

போன வாரம் அந்தப் படத்தின் இரண்டாம் பாகத்துக்கு டிரெய்லர் வந்தது. குடும்பமே ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம். அதே பங்களா, அதே மாடிப்படி, அதே துரை மகள். இந்த முறை வெறுங்காலோடு இறங்கி வருகிறாள்.

அது என்னால்தான் என்று என் மாமனார் தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.