மைக்செட் அண்ணே கூப்பிட்டால்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் செத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வரவழைக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். மைக்செட் அண்ணே. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பழைய ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவர் வாயைத் திறந்தால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோழிகள் கூட்டுக்குள் ஓடும் என்பார்கள்.

அண்ணே மாடு வளர்க்கிறார். லயத்தில் யாராவது இறந்தால், அடுத்துப் பிறக்கும் கன்றுக்கு இறந்தவரின் பெயர். "ஆளு போனாலும் பேரு சும்மா கெடக்கக்கூடாதுலா" என்பார். அவர் கங்காணி வேலுவை மூக்கணாங்கயிற்றில் பிடித்து இழுத்துப் போவதைப் பார்த்த வேலுவின் மகள் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அப்புறம் அவளே தினமும் வாழைப்பழத் தோல் கொண்டுவந்து ஊட்டினாள்.

கோவிட் காலத்தில் தேநீர் ஆற்றும் மாமாக் கடைகள் மூடிக்கிடந்தன. பால் வாங்க ஆளில்லை. தீவனமோ விலை ஏறிவிட்டது. மாட்டுக்காரர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று அரசாங்கம் பந்துவான் அறிவித்தது. அந்த உதவி வராவிட்டால் அண்ணேயின் மாடுகள் கசாப்புக்குப் போக வேண்டியதுதான். விதி எளிது: நேரில் வந்து நிற்கும் மாட்டுக்குத்தான் பணம். இல்லாத மாட்டைக் கணக்கில் சேர்த்தால் மொத்த மனுவும் ரத்து. கால்நடைத் தொழில்நுட்ப உதவியாளராகச் சரிபார்க்கப் போனவள் நான். கூடவே ஈப்போவிலிருந்து வந்த என் மேலதிகாரி.

மழை விட்ட சாயங்காலம். செம்பனை எண்ணெய் மரங்களுக்கு நடுவே பனி மூட்டம். மாடு ஒன்றையும் காணோம். செம்பனைத் தோப்பில் நான் பயப்படுபவை மூன்று: பாம்பு, குளவி, மேலதிகாரியின் அவசரம். அன்றைக்கு நான்காவது சேர்ந்தது.

"அண்ணே, மாடெல்லாம் எங்க?"

"உள்ளதான் இருக்காங்க தங்கச்சி. கூப்பிட்டா வருவாங்க."

கூப்பிட்டார். "முனியம்மா... கங்காணி வேலு... டிரைவர் சின்னையா..."

பனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். டிரைவர் சின்னையா என்னைப் பள்ளிக்கு வேனில் ஏற்றிப்போனவர். நேராக வந்து என் தோளை நக்கினார். நான் வணக்கம் சொல்லிவிட்டேன்.

மாடுகளின் காதில் இருந்த மஞ்சள் வில்லைகளின் எண்களைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அத்தோடு அண்ணே நிறுத்தியிருக்கலாம்.

"சரசு..."

யாரும் வரவில்லை. மேலதிகாரி நிமிர்ந்தார். "அது யாரு? இன்னொரு மாடா?"

"என் வீட்டுக்காரி சார். கோவிட்ல போயிட்டா. கன்னு இன்னும் பொறக்கல."

"அப்புறம் எதுக்குக் கூப்பிடுறீங்க? இல்லாத மாட்ட எப்படி எழுதறது?"

"எழுத வேணாம் சார். தெனமும் கூப்பிடுறதுதான். பந்துவானுக்காக இன்னைக்கு மட்டும் விட்டா, அவ என்ன நெனப்பா?"

மேலதிகாரி பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மாடுகள் எல்லாம் ஒரே பக்கம் தலையைத் திருப்பின. பிறகு நகர்ந்து, நடுவில் ஓர் ஆள் வந்து நிற்கும் அளவுக்கு இடம் விட்டன. காற்றே இல்லை. அந்த இடத்தில் மட்டும் ஈரப்புல் மெல்லச் சாய்ந்தது.

"பாஸ்லா, எல்லாம் பாஸ்," என்றது மேலதிகாரியின் குரல். காருக்குள்ளிருந்து. அவர் எப்போது ஏறினார் என்று நான் கவனிக்கவில்லை.

பணம் வந்தது, மாடுகள் தப்பின. அடுத்துப் பிறந்த கன்று சரசு. இப்போதும் அந்தப் பெயரைத்தான் அண்ணே கடைசியாகக் கூப்பிடுகிறார்; அதுதான் முதலில் ஓடிவருகிறது.

அன்றைக்கு மனுவில் சேர்க்க அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டேன். என் காதருகே குனிந்து சொன்னார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். நல்ல பெயர். லயத்துக்காரர்கள் இன்னும் என்னைக் கேட்டு நச்சரிக்கிறார்கள். சொல்வதாக இல்லை. தெரிந்தால்தானே ஒரு கன்றுக்கு வைப்பார்கள்.