சம்பந்திக்கு ஒரு புள்ளி விவரம்

பட்டாபிராம்,
12-5-1995

பேரன்புமிக்க சம்பந்தி திரு. வேலுசாமி அவர்கள் சமூகத்துக்கு, ராஜசேகரன் வணக்கத்துடன் வரைந்தது. இங்கு நானும் பத்மாவும் கல்யாணப் பெண் வசந்தாவும் சௌக்கியம். விருத்தாசலத்தில் தாங்களும் சம்பந்தியம்மாள் சாமுண்டீஸ்வரி அவர்களும் மாப்பிள்ளை வரதனும் அவ்வாறே இருக்க மாங்காட்டு அம்மனை வேண்டுகிறேன். கம்ப்யூட்டரும் ஏறக்குறைய சௌக்கியம்.

தங்கள் ஆறாம் தேதிக் கடிதம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் கல்யாணப் பத்திரிகை வந்து சேராவிட்டால் தாங்களே அங்கே பிரஸ்ஸில் கொடுத்து அடித்துக்கொள்வதாகவும், அப்படி அடித்தால் பெண்ணைப் பெற்றவர் பெயர் எந்த மூலையில் வரும் என்பதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். சம்பந்தி, தங்களுக்கு அந்தச் சிரமமே வேண்டாம். பத்திரிகை தயார். இன்று காலை பார்சல் பஸ்ஸில் நூற்றைம்பது கார்டு ஏற்றிவிட்டேன். ஒரு குறையும் கிடையாது. தாமதத்துக்குக் காரணம் கேட்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்பதால் ஒளிவுமறைவின்றி எழுதுகிறேன்.

நிச்சயதார்த்தத்தன்றே சொன்னேன், நினைவிருக்கும். முப்பத்துநான்கு வருஷம் தொழிற்சாலை ஸ்டோரில் உட்கார்ந்து, யாரோ செய்த சாமானை யாருக்கோ எடுத்துக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டவன் நான். நானாகச் செய்தது என்று ஒரு போல்ட் நட்டுகூடக் கிடையாது. ஒரே பெண்ணின் கல்யாணப் பத்திரிகையில் அவள் பெயரை என் கையால் அச்சில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு. அதற்காகத்தான் ரிடையரானதும் கம்ப்யூட்டரும் பிரின்டரும் வாங்கி, அம்பத்தூர் ஓ.டி.யில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சுலைமானிடம் ஒரு மாதம் போய்க் கற்றுக்கொண்டேன். இந்த இயந்திரத்தின் அறிவைத் தாங்கள் நேரில் பார்க்க வேண்டும். தேதியைக்கூட நாம் முழுதாக அடிக்க வேண்டியதில்லை. ஒரு விசையைத் தட்டினால் அதுவே முன்னும் பின்னும் சுழியம் சேர்த்து, நடுவில் கோடு போட்டு, அழகாக அடுக்கிக்கொள்கிறது.

மே முதல் தேதி, தொழிலாளர் தினத்தன்று வேலையைத் தொடங்கினேன். சாதாரணத் தாளில் அடித்தால் தங்கள் அந்தஸ்துக்குச் சரிவராது என்று ஓரத்தில் தங்க ஜரிகை போட்ட கெட்டி அட்டையாக முந்நூறு வாங்கியிருந்தேன். பிரின்டர் முதல் அட்டையை வாங்க மறுத்தது. இரண்டாவதைப் பாதி வாங்கிக்கொண்டு பல்லைக் கடித்தது. நான் ஸ்டோரில் முரண்டு பிடிக்கும் எத்தனையோ ஷட்டர் கதவுகளைப் பார்த்தவன். ஒரு கையால் அழுத்தி, ஒரு கையால் இழுத்தேன். உள்ளே ‘டிக்’ என்று சின்னதாக ஒரு சத்தம். அதற்குப் பிறகு கன்றுக்குட்டி மாதிரி அடங்கிவிட்டது. மூன்று நாள், கையால் ஒவ்வொன்றாகக் கொடுத்து, முந்நூறையும் முடித்தேன். வாசகம் எனக்கு மனப்பாடமாகிவிட்டதால் ஒவ்வொரு கார்டும் வெளியே வரும்போதே வாய்விட்டுப் படித்து ரசித்தேன். பத்மா காபியோடு வந்தவள் ஒன்றை எடுத்து, உள்ளது உள்ளபடி படித்தாள்.

“அனபுடையீர, வணககம. சுறறமும நடபும சூழ... என்னங்க இது? யாருக்கோ பல் விழுந்துபோய்ப் பேசற மாதிரி இருக்கு?”

வாங்கிப் பார்த்தேன். ஒரு கார்டில்கூட, ஒரு மெய்யெழுத்தின் தலையில்கூட, புள்ளி இல்லை. மாப்பிள்ளை ‘வரதன’. பெண் ‘வசநதா’. நான் ‘ராஜசேகரன’. முந்நூறிலும் அப்படியே.  ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. “ஓலைச்சுவடியில் எல்லாம் புள்ளி கிடையாது பத்மா, நம் முன்னோர் படிக்கவில்லையா?” என்று கேட்டேன். “அவங்க சம்பந்தி வீட்டுக்கு அனுப்பலையே” என்று சொல்லிவிட்டுக் காபியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் சுலைமானை அழைத்துவந்தேன். பிரின்டரின் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தான்.

“சார், இதுல மேலேர்ந்து கீழ ஒம்போது ஊசி கீது. ஒவ்வொண்ணும் ஒரு வரிய அடிக்கும். மேல் ஊசி பூட்ச்சு சார். புள்ளி வெக்கிறவன் அவன்தான். அட்டைய இன்னா சார், ரோடு ரோலர்ல உடறமாரி உட்டுகினீங்களா?”

“அப்படியானால் ‘கி’, ‘மி’யின் சுழி மட்டும் எப்படித் தப்பித்தது?” என்று கேட்டேன். கேள்வி கேட்காமல் எதையும் ஏற்றுக்கொள்கிற ஆள் நானில்லை.

“அது ரெண்டாம் ஊசி சார். அவன் நல்லவன்.”

புது ஊசித்தலை மவுண்ட் ரோட்டிலிருந்து வரத் திங்கட்கிழமை ஆகும் என்றான். ஆகட்டும் என்றேன். வாசகம் முழுதும் ஃபிளாப்பியில் பத்திரமாக இருக்கிறது, அதுவும் இரண்டு ஃபிளாப்பியில், ஒன்று போனால் ஒன்று. ஸ்டோர் கீப்பர் என்றால் சும்மாவா? திங்கட்கிழமை ஊசி, செவ்வாய்க்கிழமை புது அட்டை, புதன்கிழமை பார்சல் என்று காலண்டரில் வட்டம் போட்டேன். பத்மாவிடமும் விளக்கினேன்: “நீ பார்த்தது வெறும் நிழல். புள்ளியோடு கூடிய அசல் பத்திரிகை இந்த ஃபிளாப்பிக்குள் இருக்கிறது.” இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

திங்கட்கிழமை சுலைமான் ஊசித்தலையை மாட்டிவிட்டு, “ஃபிளாப்பிய குடு சார்” என்றான். பத்மா உள்ளே போய், பூஜை அறையிலிருந்து வெற்றிலைத் தட்டில் வைத்து இரண்டையும் எடுத்துவந்தாள். இரண்டிலும் நான்கு மூலைக்கு மஞ்சள். சாதாரண மஞ்சள் இல்லை, தண்ணீரில் குழைத்த மஞ்சள். நடுவிலே இருக்கிற தகரக் கதவின்மேல் பெரிய குங்குமப் பொட்டு. ஒன்றின் இடுக்கில் ஒரு சாமந்தி இதழ். விஷயம் என்னவென்றால், வெள்ளிக்கிழமை அவள் பூந்தமல்லி போய் பஸ் மாறி மாங்காட்டுக்குப் போயிருக்கிறாள். முதல் பத்திரிகையை அம்மன் காலடியில் வைக்க வேண்டும் அல்லவா?

“புள்ளியில்லாத பத்திரிகையை அம்மன் முன்னாடி எப்படிங்க வைக்கிறது? புள்ளியோட அசல் இதுக்குள்ள இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க! பத்திரிகைன்னா நாலு மூலைக்கு மஞ்சள் தடவாம எடுத்துட்டுப் போக முடியுமா?”

“இரண்டையும் ஏன்?”

“பொண்ணு வீட்டுக்கு ஒண்ணு, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒண்ணு.”

சம்பந்தி, இதில் தாங்கள் எந்த இடத்தில் தப்பு கண்டுபிடிப்பீர்கள்? நான் ஒரு நாள் முழுக்க யோசித்தும் கிடைக்கவில்லை. துடைத்தால் சரியாகிவிடும் என்று வேட்டி நுனியால் துடைத்து நானே உள்ளே தள்ளினேன். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் அம்மியில் அரைத்தது. பிறகு நின்றுவிட்டது. சுலைமான் ஃபிளாப்பி போகும் வாயைக் கழற்றி உள்ளே பார்த்தான்.

“மஞ்ச கீது, குங்குமம் கீது, பூ கீது. ஒரு தேங்கா ஒடச்சா பூஜ முடிஞ்சிடும் சார். இது இனிமே எதையும் படிக்காது.”

மறுபடி உட்கார்ந்து அடித்துவிடலாமே என்று தாங்கள் நினைக்கலாம். தமிழ் எழுத்துகளே வேறொரு ஃபிளாப்பியிலிருந்துதான் ஏற வேண்டும், அதற்கும் அதே வாய்தான். ஆக, புள்ளி வைக்கக்கூடிய பிரின்டர் தயார், புள்ளி எங்கே வைப்பது என்று சொல்ல வேண்டிய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அதே நேரம் பார்த்துத் தங்கள் கடிதம் வருகிறது. பத்மா, “பேசாம ஆவடியில ஒரு பிரஸ்ஸுல குடுத்துடுங்க” என்றாள். வசந்தா புள்ளியில்லாத கார்டு ஒன்றை எடுத்து, தன் பெயருக்கு மட்டும் பேனாவால் புள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. அப்போதுதான் எனக்கு வழி தெரிந்தது.

ஒரு கார்டுக்கு நூற்றுப்பன்னிரண்டு புள்ளி. முந்நூறு கார்டுக்கு முப்பத்துமூவாயிரத்து அறுநூறு. செவ்வாய்க்கிழமை காலை கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள், சத்தம் கேட்டு வந்தவர், விஷயத்தைத் தெரிந்துகொண்டு சிரித்தார்.

“இன்னா சாரு, புள்ளி வெக்கறதுக்கு இம்மாம் ரோசனையா? மார்கழி முப்பது நாளும் ஊட்டாண்ட இருவத்தோரு புள்ளி வெச்சிகினு கீறேன். எனுக்கு ஒரு பேனா குடு.”

கை என்றால் அப்படி ஒரு கை. நான் ஒரு கார்டு முடிப்பதற்குள் அவர் நான்கு முடித்துவிட்டார். பதினான்கு கார்டு ஆனபிறகுதான் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கன்னியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது இருபது வருஷமாகப் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியாது. எந்த எழுத்தையும் மனம் நோகவிடாமல், எல்லாத் தலையிலும் ஒரே வரிசையாகப் புள்ளி வைத்திருந்தார். “ஒண்ணுக்கு வெச்சி ஒண்ணுக்கு வெக்காம உட்டா கோலம் இன்னாத்துக்கு ஆவும்?” என்று கேட்டார். நியாயம்தான். அந்தப் பதினான்கை ஒதுக்கிவிட்டு, அவரைக் காய்ந்த கார்டுகளை அடுக்கும் பொறுப்புக்கு மாற்றினேன்.

பத்மா பக்கம் திரும்பினால் அங்கே வேறு விதம். அவசரத்தில் ‘மணமகன்’ என்ற சொல்லில் ‘ண’ தலையிலும் ஒரு புள்ளி வைத்து, தங்கள் குமாரனை ‘மண்மகன்’ ஆக்கியிருந்தாள். பக்கத்திலேயே நம் வசந்தா ‘மண்மகள்’. பெண்ணைப் பூமாதேவி என்று சொல்லிக்கூடச் சமாளிக்கலாம், மாப்பிள்ளைக்கு என்ன சொல்வது? சரியான நேரத்தில் கண்டுபிடித்துப் பிளேடால் சுரண்டிவிட்டேன். அந்த இடத்தில் அட்டை கொஞ்சம் மெலிந்திருக்கும், வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டாம்.

மூன்று நாள், சம்பந்தி. என் கட்டைவிரல் வீங்கிவிட்டது. கண்ணை மூடினால் இமைக்குள்ளும் புள்ளிதான். ஆனால் தங்களுக்கு ஒன்று சொல்கிறேன், பத்து வருஷத்துக்குப் பிறகு நாங்கள் மூவரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரு வேலை செய்தோம். நேற்று மாலை வசந்தா புள்ளி வைத்துக்கொண்டே, “அப்பா, இவ்வளவு பேருக்கு வச்சுட்டு, அடுத்த மாசம் நான் அங்க போயிடுவேன் இல்ல?” என்றாள். நான் ‘வந்து’ என்ற சொல்லில் புள்ளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

முடித்ததும் ஸ்டோர் முறைப்படி தணிக்கை செய்தேன். ஒவ்வொரு கார்டையும் மூன்று தரம், முதல் தரம் வலமிருந்து இடமாக. புள்ளிக்கு வேலையில்லாத வரிகளைத் தாண்டிப் போனதால் நேரமும் மிச்சமானது. பிரஸ்ஸில் அடித்த பத்திரிகையில் தப்பு இருக்கும். இதில் இருக்காது. பிரஸ்காரன் ஒரு தரம் புள்ளி வைத்துவிட்டு முந்நூறு பிரதி எடுக்கிறான். நாங்கள் முந்நூறு தரம் வைத்திருக்கிறோம். தங்கள் உறவினர்கள் எந்தக் கார்டை எடுத்துப் பார்த்தாலும், பெண்ணைப் பெற்றவனின் பெயர் அதற்குரிய இடத்தில், அதற்குரிய புள்ளியோடு இருக்கும். ஆகவே தாங்கள் பிரஸ் பக்கமே போக வேண்டாம் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மாளுக்கு எங்கள் நமஸ்காரம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. முகூர்த்த மேடையில் தங்களைக் கட்டிக்கொள்ளும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
ராஜசேகரன்
(கடைசிப் புள்ளி உட்பட)

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப்போகும் நேரத்தில், வசந்தா கையில் ஒரு கார்டோடு வந்து நின்று, “அப்பா, எனக்குக் கல்யாணம் ஆகி அஞ்சு வாரம் ஆச்சாப்பா?” என்று கேட்டாள். வாங்கிப் பார்த்தேன். வைகாசி 21, ஞாயிற்றுக்கிழமை என்று தமிழில் சரியாகவே இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில், கொட்டை எழுத்தில், நானே பெருமையாக விசையைத் தட்டி வரவழைத்த ஆங்கிலத் தேதி: 06-04-1995. ஜூன் நான்கு, ஏப்ரல் ஆறாகிவிட்டது. சுலைமானுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்தேன். “அது அமெரிக்காக் கணக்கு சார், அவங்க மாசத்த முன்னாடி போடுவாங்க” என்றான். அந்த வரியில் வெறும் எண்கள். எண்களுக்குத் தலையில் புள்ளி கிடையாது. அதனால் இந்த வீட்டில் யாருமே அந்த வரியைப் பார்க்கவில்லை. பஞ்சாங்கம் பார்க்கிறவர்கள் கல்யாணத்துக்கு வந்துவிடுவார்கள். காலண்டர் பார்க்கிறவர்கள் வாழ்த்துத் தந்தி மட்டும் அனுப்புவார்கள். (இந்தக் கடிதத்தின் தலையில் உள்ளது மே மாதம் பன்னிரண்டாம் தேதி, டிசம்பர் ஐந்து அல்ல.)

ஆகவே தாங்கள் அங்கேயே, இன்றே, பிரஸ்ஸில் கொடுத்து அடித்துவிடுங்கள். எங்கள் வீட்டுக்கும் சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள். என் பெயர் எந்த மூலையில் வந்தாலும் சம்மதம். வசந்தா பெயர் மட்டும் நடுவில் இருக்கட்டும். பார்சல் காலையிலேயே பஸ்ஸில் போய்விட்டது, திருப்ப முடியாது. வந்தால் தயவுசெய்து பிரிக்க வேண்டாம். பிரித்துவிட்டால் சம்பந்தியம்மாளுக்குக் காட்ட வேண்டாம். காட்டிவிட்டால், புள்ளிகளை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஒரு தப்பும் இல்லை.