தாடைச்சாமியின் மௌன விரதம்

ஊரெல்லாம் கால் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த 2001இல், ஒக்கலிபுரம் ரயில்வே பாலத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் தாடைச்சாமி எழுந்தருளினார். மஞ்சள் காமாலைக்கு ஒருவர், சுளுக்குக்கு ஒருவர், பேய்க்கு ஒருவர் என்று ஆளாளுக்குப் பிரித்துக்கொண்டதில் மிச்சம் கிடந்தது தாடைதான். அதை இவர் எடுத்துக்கொண்டார்.

கொட்டாவி விட்டால் 'டக்'கென்று சத்தம் போடும் தாடை, கோணிய தாடை, பூட்டிய தாடை, எதுவானாலும் காதோரம் ஒரு பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சுவார். உள்ளேயிருந்த செய்வினைக் கல் அவர் வாய்க்கு வந்துவிடும். தாம்பாளத்தில் 'டிங்'கென்று துப்புவார். தோலில் ஓட்டை கிடையாது, ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. கல் எந்த வாசல் வழியாக வந்தது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கல்தான் வந்துவிட்டதே.

சாமி பேசமாட்டார். மௌன விரதம். மைத்துனன் சேஷகிரி இருவருக்கும் சேர்த்துப் பேசுவான்.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி, தள்ளி உக்காருங்க" என்று கன்னடமும் தமிழுமாக அவன் நெருக்கிய வரிசையில் மங்களமும் அவள் மகள் தாரணியும் இருந்தார்கள்.

தாரணி கால் சென்டர் பயிற்சியில் சேர்ந்து ஒரு மாதம். அமெரிக்கர்களைப் போல் பேச வராவிட்டால் வேலை இல்லை. அந்தக் கவலையில் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்துக் கடித்து, போன வாரம் தாடை பூட்டிக்கொண்டது. வாய்க்குள் ஒரு விரல்தான் நுழைந்தது.

பல் டாக்டரிடம் போனார்கள். "மூட்டுக்குள்ள மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கும், அது நழுவியிருக்கு. பல்லுக்கு மேல பிளாஸ்டிக் தகடு மாட்டிக்கணும். வெந்நீர் ஒத்தடம், மெத்துனு சாப்பாடு, நான் சொல்ற பயிற்சி. அநேகமா இதுலயே சரியாகும். முரட்டுத்தனமா யாரும் இழுத்துடக் கூடாது, மூட்டு கெட்டுடும். எதுக்கும் கேக்கலைன்னாத்தான் ஆபரேஷன்" என்றார் அவர். இத்தனையில் மங்களத்தின் காதில் விழுந்தது கடைசிச் சொல் மட்டும். முகத்தில் கத்தி பட்ட பெண்ணை யார் கட்டுவார்கள் என்று அழுதுகொண்டே வீடு திரும்பியவளுக்குப் பக்கத்து வீட்டில் தாடைச்சாமியின் விலாசம் கிடைத்தது.

இவர்கள் முறை வந்தது. சேஷகிரி தாரணியை ஏற இறங்கப் பார்த்தான்.

"பொண்ணு எங்க வேலை?"

"கால் சென்டருங்க" என்றாள் மங்களம்.

"அதான பாத்தேன். அமெரிக்காக்காரன் திருஷ்டி. போன் லைன்ல காதுக்கு வந்து, தாடையில எறங்கியிருக்கு. மூணு கல்லு. சாமி அதை எடுத்துட்டு ஒரே இழுப்பு இழுப்பாரு, வாய் தொறந்துக்கும்."

மங்களம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பயிற்சியில் இருக்கும் மகள் இன்னும் ஓர் அமெரிக்கனிடமும் பேசியதில்லை என்பது அவளுக்கும் தெரியும். திருஷ்டிக்கு அதெல்லாம் ஒரு தடையா என்ன?

"இழுக்கக் கூடாதுனு டாக்டர் சொன்னாரும்மா" என்றாள் தாரணி, பல்லிடுக்கில்.

"சும்மா இருடி."

கல் இருக்கும் இடம் தேடுவதுபோல் சாமியின் கட்டைவிரல்கள் தாடையில் அழுந்தின. தாரணி வலியில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த கணமே சாமியின் கைகளைத் தட்டிவிட்டாள்.

"என்னைப் பாக்கறதுக்கு முன்னாடி டாக்டர் தன் வாயில மூணு விரலை நெட்டுக்குத்தா வச்சுக் காட்டினாரு. நல்ல தாடைன்னா அவ்ளோ தொறக்குமாம். சாமியும் காட்டட்டும், அப்புறம் தொடட்டும்."

"சாமிக்கு மௌன விரதம்மா" என்றான் சேஷகிரி.

"பேசச் சொல்லலை. தொறக்கத்தான் சொன்னேன்."

வரிசையில் இருந்த ரிட்டயர்டு ரயில்வே கார்டு அப்பாதுரை எழுந்தார். "போன வாரம் எனக்கு ரெண்டு கல்லு எடுத்தாரு. வலி அப்படியே இருக்கு. தொறக்கட்டுமே, வாய்தானே."

சாமி மேலே பார்த்தார். கீழே பார்த்தார். தொண்டை ஏறி இறங்கியது. மங்களம் அந்தத் தொண்டையையே பார்த்தாள். நோயாளிக்குத் திறக்க முடியவில்லை, சரி. வைத்தியனுக்கு என்ன கேடு?

"சாமி, வாயைத் தொறங்க" என்றாள்.

சாமி விழுங்கப் பார்த்தார். புரை ஏறியது. இருமினார். டிங், டிங், டிங். தாம்பாளத்தில் மூன்று கல். குழலோ இன்னும் பட்டுத் துணிக்குள் சுற்றியபடியே கிடந்தது.

"அது வந்து... அட்வான்ஸா எடுத்த கல்லு" என்றான் சேஷகிரி.

"யாரு தாடையிலேர்ந்து?" என்று கேட்டார் அப்பாதுரை.

மௌன விரதம் அத்தோடு முடிந்தது. "டேய் சேஷா, ஓடுறா" என்று சாமி திருவாய் மலர்ந்தார். பின்பக்கத் தகரத்தைத் தள்ளிக்கொண்டு இருவரும் தண்டவாளம் தாண்டினார்கள்.

அந்தக் கட்டைவிரல்கள் இழுத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தபோது மங்களத்துக்குப் பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. "வா, டாக்டர்கிட்டயே போய்த் தகடு மாட்டிக்கலாம்" என்று மகளை அழைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வரிசை கலையவில்லை. ஜீவனஹள்ளியில் இன்னொரு சாமி இருக்கிறாராம், அவர் வாய் திறந்தே பேசுவாராம் என்று அங்கே விலாசம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

தாடை பூட்டிக்கொண்டால் திறக்க டாக்டர் இருக்கிறார். மூளை பூட்டிக்கொண்டால் அவரவர்தான் திறந்துகொள்ள வேண்டும்.